பிறப்புறுப்பு மரு: பெண்கள் நல மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு, பெண்கள் நல மருத்துவர்களுக்கும், பரிசோதனை அறையில் அவர்களோடு நிற்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

பிறப்புறுப்பு மருவோடு தோல், பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்து சேரும் பெண்களில் பலர் உங்களிடம்தான் முதலில் வந்திருப்பார்கள். வெள்ளைப்படுதலுக்கோ அரிப்புக்கோ கர்ப்பகாலச் சோதனைக்கோ வந்த இடத்தில் மரு கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் சொல்லும் சொல்லும் எழுதிக் கொடுக்கும் மருந்தும் அடுத்த ஆறு மாதத்துக்கு அவர்கள் கூடவே வரும். இந்த மருவால் உடம்புக்கு நேரும் கேடு அநேகமாகச் சிறியது. மரு அல்லாததை மரு என்று சொல்வதாலும், அளவுக்கு மீறிச் சுடுவதாலும், பாதி விளக்கம் சொல்லி அனுப்புவதாலும் நேரும் கேடு அதைவிடப் பெரியது, முழுக்கத் தவிர்க்கக்கூடியதும்கூட. எப்படித் தவிர்ப்பது என்று விவரமாகச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

இதை அரிய நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். டென்மார்க், ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்ட சுமார் 70,000 பெண்களிடம் கேட்டபோது, 10.6 விழுக்காட்டினர் தங்களுக்கு எப்போதாவது இந்த மரு வந்ததுண்டு என்றார்கள். பத்துப் பேரில் ஒருவர். அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரை எடுத்த கணக்கில், பாலுறவு அனுபவமுள்ள 18 முதல் 59 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 7 விழுக்காட்டினர் அப்படிச் சொன்னார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆண், பெண் இருபாலாரிலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 160 முதல் 289 பேர் வரை புதிதாகவோ திரும்பவோ மருவோடு வருகிறார்கள். பெண்களுக்கு 20 முதல் 24 வயதுக்குள் அதிகம். ஆண்களுக்கு அந்த உச்சம் சில ஆண்டுகள் தள்ளி வருகிறது. இவையெல்லாம் கேட்டோ பதிவேட்டைப் பார்த்தோ எடுத்த எண்கள். தன் உடம்பில் தானே குனிந்து பார்க்க முடியாத இடத்தில், வலிக்காமல், அரிக்காமல் இருக்கும் மருவைப் பெண் எப்படி அறிவாள்? யோனிக்குள்ளும் கருப்பை வாயிலும் இருப்பவை யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலம் வைத்தால்தான் தெரியும். உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பிறப்புறுப்புப் பகுதியில் குடியேறுபவை சுமார் 40. மருக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு 6, 11 என்ற இரண்டு வகைகளால் வருபவை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமானவை 16, 18 என்ற வேறு இரண்டு. இந்த வேறுபாடு எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு வரலாறே சாட்சி. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டதற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்ற ஹரால்ட் சுர் ஹவுசன், முதலில் மருவில் கிடைத்த வகைகளைத்தான் புற்றுக்கட்டிகளில் தேடினார். எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. தேடலைத் தொடர்ந்தபோதுதான் 16-உம் 18-உம் அகப்பட்டன. ஆகவே "இது புற்றுநோய் வைரஸ்" என்ற ஒற்றை வரியோடு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அந்த வரி பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லாததால் அவள் பல மாதம் தூங்க மாட்டாள்.

மருவுள்ள பெண்ணுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் பாப் ஸ்மியரோ எச்.பி.வி. சோதனையோ அவள் வயதுக்கு உரிய வழக்கமான இடைவெளியில் செய்தால் போதும். மரு இருக்கிறதே என்பதற்காக ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்க வேண்டியதில்லை. மருவை உறுதிசெய்ய எச்.பி.வி. சோதனை கேட்பதும் வீண். விடை என்னவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. "பாசிட்டிவ்" என்ற சொல் மட்டும் அவள் கையில் மிஞ்சும்.

இனி, பார்ப்பது. மருவைக் கண்ணால் பார்த்தே கண்டறிகிறோம். அதனால் வெளிச்சமும் பொறுமையும்தான் இங்கே கருவிகள். நல்ல விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, பெண்ணின் கையில் கொடுக்க ஒரு கைக்கண்ணாடி. மேலிருந்து தொடங்குங்கள்: அந்தரங்க மேடு, வெளியிதழ், உள்ளிதழ், யோனி முகப்பு, சிறுநீர்த் துவாரம். பிறகு இதழ்கள் கீழே சேரும் இடம். அங்கேதான் மரு அதிகம் வருகிறது. அவசரத்தில் விரல் மறைத்துவிடுவதும் அந்த இடத்தைத்தான். அதன்பின் ஆசனவாயைச் சுற்றிலும் பாருங்கள். அங்கே மரு இருந்தால் அந்த வழியில் உறவு வைத்தீர்களா என்று கேட்டு அவளைக் கூச வைக்காதீர்கள். அது இல்லாமலும் அங்கே மரு வரும். ஸ்பெகுலத்தை எடுக்கும்போது மெல்லத் திருப்பிக்கொண்டே எடுத்தால் யோனிச் சுவரின் நான்கு பக்கமும் தெரியும். ஆசனவாயின் விளிம்பில் தொடங்கி மரு உள்ளே போகிறது, அல்லது ரத்தம் வருகிறது என்றால் மட்டும் உட்புறத்தையும் பார்க்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். யோனி முகப்பிலும் உள்ளிதழின் உட்புறத்திலும் சில பெண்களுக்கு இயற்கையாகவே சிறுசிறு முளைகள் இருக்கும். இளஞ்சிவப்பு, மென்மை, ஒரே அளவு, இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல வரிசை. ஆண்குறியின் மொட்டைச் சுற்றி வரும் முத்து வரிசைக்கு இது பெண்பால் சோடி. நோயல்ல, தொற்றல்ல, சிகிச்சையும் வேண்டாம். இதை மருவிலிருந்து பிரிக்க ஒரு எளிய வழி உண்டு: ஈரமான பஞ்சுக் குச்சியால் ஒரு முளையை மெல்ல விலக்கி அதன் அடியைப் பாருங்கள். இயற்கை முளை என்றால் ஒவ்வொன்றும் தனித்தனியே தரையிலிருந்து எழும்பும், விரல் விரலாக. மரு என்றால் பல நுனிகள் ஒரே அடியில் சேர்ந்திருக்கும், காலிஃபிளவர் கிளையைப் போல. அளவும் நிறமும் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவாக இருக்கும். இந்த அரை நிமிடப் பார்வையைத் தவிர்த்ததால் ஆரோக்கியமான தோலில் அமிலம் வாங்கியவர்களும், ஒன்றுமில்லாத முளைக்காகக் கணவனைச் சந்தேகித்துக் குடும்பம் குலைந்தவர்களும் உண்டு. ஐந்து விழுக்காடு அசெட்டிக் அமிலம் தடவி வெளுக்கிறதா என்று பார்ப்பதை நம்பாதீர்கள். இயற்கை முளையும் வெளுக்கும், உராய்ந்த தோலும் வெளுக்கும், பூஞ்சை வந்த தோலும் வெளுக்கும்.

இன்னொரு தவறு இதற்கு நேர் எதிரானது. தட்டையாக, அகலமாக, ஈரப்பசையோடு, சாம்பல் வெள்ளையாகத் தெரியும் புடைப்புகள் சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் இரண்டாம் நிலையாக இருக்கலாம். அதில் கிருமி நிறைந்திருக்கும். கையுறையில்லாமல் தொடவே கூடாது. அதை மரு என்று நினைத்துச் சுட்டால் மேலே ஆறிவிடும், உள்ளே நோய் நடந்துகொண்டே இருக்கும். கர்ப்பிணி என்றால் குழந்தையும் பாதிக்கப்படும். ஆகவே மரு என்று முடிவு செய்த அன்றே சிபிலிஸ் ரத்தச் சோதனை, எச்.ஐ.வி., கிளமிடியா, கொனோரியா சோதனைகளுக்கும் எழுதிவிடுங்கள். நடுவில் குழிவிழுந்த முத்துப்போன்ற பருக்கள் மொலஸ்கம் என்ற வேறொரு வைரஸ் தொற்று. அதற்கு வேறு சிகிச்சை.

எல்லா மருவுக்கும் பயாப்ஸி தேவையில்லை. ஆனால் கறுத்தோ நிறம் மாறியோ இருந்தால், தொட்டால் கெட்டியாக அடித்திசுவோடு ஒட்டியிருந்தால், புண்ணாகியிருந்தால், தானே ரத்தம் கசிந்தால், சிகிச்சைக்கு அசையாமல் இருந்தால், சிகிச்சையின் நடுவே பெரிதானால் ஒரு துண்டு எடுத்து அனுப்பாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு முதன்முறையாக "மரு" வந்தவர், எச்.ஐ.வி. உள்ளவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர், இவர்களிடம் சந்தேகத்தின் வாசல் இன்னும் தாழ்வாக இருக்கட்டும். கருப்பை வாயில் மரு தெரிந்தால் அதைத் தொடாமல், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி சோதனைக்கு அனுப்புங்கள். புற்றுக்கு முந்திய மாற்றம் கூடவே இல்லை என்று தெரிந்த பிறகே சிகிச்சை.

பார்த்து முடித்ததும் கைக்கண்ணாடியைக் கொடுங்கள். "இதோ, இந்த இடத்தில் மூன்று, இங்கே ஒன்று" என்று அவளே காணட்டும். வீட்டில் மருந்து தடவப்போவது அவள்தான். எங்கே என்று தெரியாமல் தடவினால் மரு தப்பித்துவிடும், நல்ல தோல் வெந்துவிடும். அதோடு, உள்ளே ஏதோ பயங்கரமாக இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டிருந்தவர்கள் பயறு அளவு முளையைக் கண்ணால் பார்த்ததும் மூச்சு விடுவார்கள்.

அப்போது அவள் கேட்கும் முதல் கேள்வி "யாரிடமிருந்து வந்தது?" என்பதாக இருக்கும். கேட்காவிட்டாலும் மனதில் அதுதான் ஓடும். உண்மையான விடை: சொல்ல முடியாது. வைரஸ் நுழைந்து மரு தெரிய வழக்கமாக 2, 3 மாதம் ஆகும். 3 வாரத்திலும் வரலாம், 8 மாதத்திலும் வரலாம், ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்துவிட்டு, கர்ப்பத்திலோ உடல் தளர்ந்த நேரத்திலோ வெளிப்படவும் செய்யலாம். வைரஸ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மருவே வராது. அவர்கள் தெரியாமலே கொடுப்பார்கள். எனவே மருவை வைத்து யாருடைய நேர்மையையும் அளக்க முடியாது என்பதை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். கணவன் வெளியே காத்திருந்தால், அவள் சம்மதத்தோடு அவரையும் உள்ளே அழைத்து இதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். அவருக்கு மரு இருக்கிறதா என்று பார்க்கலாம். பிற பால்வினைத் தொற்றுகளுக்குச் சோதிக்கலாம். மரு இல்லாத துணைக்கு எச்.பி.வி. சோதனையோ சிகிச்சையோ கிடையாது.

சிகிச்சைக்கு வருவோம். ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு வழிதான் என்பதை முதலில் சொல்லுங்கள். ஒரு சிலருக்கு, மிஞ்சினால் மூன்றில் ஒருவருக்கு, சில மாதங்களில் மரு தானே மறையும். நம் மருந்துகள் மருவை நீக்குகின்றன. வைரஸை முழுதாக ஒழிப்பதில்லை, அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி செய்யும் வேலை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், திரும்ப வரும்போது சிகிச்சை தோற்றதாக நினைத்து அவள் வேறு வேறு இடமாக அலைவாள். ஒவ்வொரு இடத்திலும் இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சுடுவார்கள்.

எந்த மருந்து என்பதை மருவின் தன்மையும் இடமும் அவள் சூழலும் தீர்மானிக்கட்டும், அலமாரியில் இருப்பது தீர்மானிக்க வேண்டாம். ஈரமான இடத்து மென்மையான மரு, தடவும் மருந்துக்கு நன்றாக இறங்கும். முடியுள்ள தோலில் காய்த்துத் தடித்த மருவுக்கு உறைய வைப்பதோ வெட்டி எடுப்பதோ மேல், இமிக்விமோட் என்ற தடவும் மருந்தையும் முயலலாம்.

போடோஃபிலோடாக்சின் செல் பிரிவதைத் தடுத்து மருவைச் சாகடிக்கிறது. 0.5 விழுக்காடு திரவமாகவும் 0.15 விழுக்காடு கிரீமாகவும் வருகிறது. பெண்களுக்குக் கிரீம்தான் வசதி. திரவம் மடிப்புகளில் வழிந்து போகும். காலை, மாலை இரு வேளை, 3 நாள் தொடர்ந்து. பிறகு 4 நாள் ஓய்வு. இது ஒரு சுற்று. நான்கு சுற்று வரை போகலாம். ஒரு நாளில் தடவும் மொத்த இடம் 10 சதுர சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது; திரவம் என்றால் 0.5 மில்லிக்குள். முதல் முறை நீங்களே தடவிக் காட்டுங்கள். "3 நாளில் புண்ணாகிறது, ஆனாலும் மரு இருக்கிறதே" என்று ஓய்வு நாட்களிலும் தடவுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு. மரு வாடி விழுவது ஓய்வு நாட்களில்தான். யோனிக்குள் வைக்கக் கூடாது. கர்ப்பத்தில் கூடவே கூடாது. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்ணிடம் கருத்தடை பற்றிக் கேட்காமல் இதை எழுதாதீர்கள்.

பழைய போடோஃபிலின் பிசின், 25 விழுக்காடு, இன்னும் சில இடங்களில் புழங்குகிறது. அதை விட்டுவிடும்படி வேண்டிக்கொள்கிறோம். பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும். அதிக இடத்தில் தடவி உடம்புக்குள் ஏறி நரம்பையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கியதும், உயிர் போனதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

இமிக்விமோட் 5 விழுக்காடு கிரீம் மருவை நேரடியாக அழிப்பதில்லை. அந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. வாரத்தில் 3 இரவு, ஒன்றுவிட்டு ஒரு நாள், படுக்கும் முன் மெல்லியதாகத் தடவி, கிரீம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை தேய்க்க வேண்டும். 6 முதல் 10 மணி நேரம் விட்டுக் காலையில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 16 வாரம் வரை. பெண்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது: ஒரு முக்கிய ஆய்வில் பெண்களில் 72 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 33 விழுக்காட்டினருக்கும் மரு முழுதாகப் போனது, அப்படி மரு போன பெண்களில் பாதிப் பேருக்கு 8 வாரத்துக்குள்ளேயே போய்விட்டது. ஈரமான மென்தோலில் மருந்து நன்றாக இறங்குவது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதல் 3 வாரம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு திடீரென்று சிவந்து எரியும். இரண்டையும் முன்னரே சொல்லாவிட்டால் முதலாவதில் தினமும் தடவுவாள், இரண்டாவதில் மருந்தை எறிந்துவிடுவாள். சிவப்பு வேலையின் அடையாளம். புண்ணானால் சில நாள் நிறுத்தி, ஆறியதும் தொடரலாம், விட்டுப்போன இரவுகளை ஈடுகட்ட வேண்டாம். இதழ்கள் வீங்கிச் சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். கிரீம் ஆணுறையையும், கருத்தடைக்காக யோனிக்குள் வைக்கும் டயாஃப்ரமையும் பலவீனமாக்கும். மருந்து தோலில் இருக்கும்போது உறவு வேண்டாம். ஆறிய இடம் வெளிறிப்போய் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. கறுத்த தோலில் அது பளிச்சென்று தெரியும், எனவே முன்னரே சொல்லிவிடுவது நியாயம்.

பச்சைத் தேயிலைச் சாற்றிலிருந்து எடுக்கும் சினகேட்டெகின் 15 விழுக்காடு ஆயின்மென்ட் நாளைக்கு 3 முறை, 16 வாரம் வரை. இதைக் கழுவ வேண்டியதில்லை. உள்ளாடையில் கறை படியும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

இனி, உங்கள் கையால் செய்பவை. டிரைக்ளோரோ அசெட்டிக் அமிலம் 80 முதல் 90 விழுக்காடு. மலிவானது, கர்ப்பத்திலும் பயன்படுத்தலாம், கையில் எடுத்தவர் கவனமில்லாவிட்டால் கொடூரமானது. தண்ணீர்போல ஓடும் திரவம் இது; பஞ்சில் தோய்த்துத் தடவினால் மருவோடு நிற்காது. பல்குச்சியின் நுனியிலோ, பஞ்சைப் பிய்த்துக் கூராக்கிய பஞ்சுக் குச்சியிலோ தொட்டு, பாட்டில் வாயில் ஒற்றி, சொட்டாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மருவைச் சுற்றி வாசலின் ஒரு வளையமாகப் பூசுங்கள். மருவின் உச்சியில் தொட்டதும் சில நொடியில் உறைபனிபோல வெள்ளை படியும். அந்த வெள்ளைதான் அளவுகோல். மரு முழுக்க வெளுத்ததும் நிறுத்திவிட வேண்டும். எரிச்சல் சில நிமிடம் உச்சத்தில் இருந்து தணியும். முழுதாகக் காயும்வரை அவள் காலை மூடவோ எழுந்து உட்காரவோ கூடாது. எதிர் இதழில் ஒட்டி அங்கேயும் வெந்துவிடும். யோனிச் சுவரில் வைத்தால் காய்ந்த பிறகே ஸ்பெகுலத்தை எடுங்கள். அதிகமாகிவிட்டால் சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட் தூளையோ சோப்பையோ போட்டு முறிக்க வேண்டும். அது முதலிலேயே தட்டில் தயாராக இருக்கட்டும், எரியும்போது தேட முடியாது. பாட்டிலைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து அமிலம் நீர்த்துப்போகும். வாரம் ஒரு முறை திரும்பச் செய்யலாம்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. தெளிப்பானாலோ பஞ்சுக் குச்சியாலோ மருவை உறைய வைத்து, வெள்ளை வளையம் சுற்றியுள்ள தோலில் 1 முதல் 2 மில்லிமீட்டர் படர்ந்ததும் நிறுத்தி, முழுதாக உருகவிட்டு, மறுபடி ஒரு முறை. வளையம் படராவிட்டால் மருவின் அடிப்பகுதி தப்பிவிடும். அகலமாகப் படரவிட்டால் கொப்புளமும் தழும்பும். ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தொட்டு உறைய வைக்கும் உலோகக் குமிழை யோனிக்குள் வைக்காதீர்கள். சுவர் ஓட்டையாகும் அபாயம் உண்டு.

வெட்டி எடுப்பதன் பெரிய சிறப்பு, ஒரே நாளில் மரு போய்விடுவது. காம்புள்ள மருவுக்கும், பெரிதாக மண்டிய மருவுக்கும் இதுவே நல்லது. மரத்துப்போகச் செய்யும் கிரீமை யோனி முகப்பில் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் போதும். தோலைப்போல ஒரு மணி நேரம் தேவையில்லை. பிறகு லிக்னோகெயின் ஊசி. மருந்து இறங்கியதும் மரு தோலிலிருந்து தூக்கி நிற்கும். கத்தரியைத் தோலுக்கு இணையாக வைத்து அடியோடு சீவுங்கள். வைரஸ் மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது. ஆழமாகப் போனால் நோய் அதிகம் போகாது, தழும்புதான் அதிகமாகும். இதழ்கள் சேரும் இடத்தில் விழும் தழும்பு ஒவ்வொரு உறவிலும் வலிக்கும், சிலருக்கு அந்த வலி நாள்பட்டதாகவே நின்றுவிடும். கரண்ட் வைத்துச் சுடும்போது வரும் புகையில் வைரஸின் மரபணு இருப்பது தெரிந்த விஷயம். புகை உறிஞ்சியும் என்95 முகக்கவசமும் செவிலியருக்கும் சேர்த்து வேண்டும்.

4 வாரத்தில் அவளைத் திரும்பப் பாருங்கள். மரு பாதிகூடக் குறையவில்லை என்றால் அதே மருந்தைத் தொடராமல் மாற்றுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 3 மாதத்துக்குள் போய்விடும். திரும்ப வருவதும் அதிகம் நடப்பது அடுத்த 3 மாதத்தில்தான். ஆகவே கடைசி மரு போன நாளோடு அவளுடைய மருத்துவக் கோப்பினை மூடிவிட வேண்டாம். அதுவரை அந்தப் பகுதியைச் சவரம் செய்வதோ மெழுகு வைத்து இழுப்பதோ வேண்டாம்; கீறல் வழியே மரு வரிசையாக விதைக்கப்படும். கைகால் மருவுக்கு விற்கும் சாலிசிலிக் அமிலத்தை இங்கே தடவிவிடுவார்கள். கூடாது என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது, ஏனெனில் அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கிறது. புகைப்பவர்களுக்குச் சிகிச்சை சற்று மந்தமாக இறங்குவதும் உண்டு.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களை நாங்கள் பார்ப்பதைவிட நீங்கள் பார்ப்பதே அதிகம். கர்ப்பத்தில் மரு வேகமாகப் பெருகும், தொட்டால் ரத்தம் கசியும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே சுருங்கும். போடோஃபிலோடாக்சின், போடோஃபிலின், சினகேட்டெகின் மூன்றும் கூடாது. இமிக்விமோடையும் தவிர்ப்பதே நல்லது. உறைய வைப்பது, டிரைக்ளோரோ அசெட்டிக் அமிலம், வெட்டி எடுப்பது ஆகியவை செய்யலாம். மரு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் செய்யாதீர்கள். மரு பிறப்புப் பாதையை அடைத்தால், அல்லது கிழிந்து ரத்தம் கொட்டும் என்று தெரிந்தால் மட்டுமே அது நியாயம். குழந்தையின் குரல்வளையில் மரு வரும் நோய் உண்மைதான், கடுமையானதும்கூட. ஆனால் டென்மார்க்கின் பிறப்புப் பதிவுகளில், மருவுள்ள தாய்மாருக்குப் பிறந்த 1000 குழந்தைகளில் 7 பேருக்குத்தான் அது வந்தது. சிசேரியன் அதைத் தடுக்கிறது என்பதற்குத் தெளிவான சான்றில்லை. தாயிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். எண் இல்லாத எச்சரிக்கை அவளைக் குற்றவாளியாக்கும்.

சிறுமிக்கு மரு இருந்தால், வன்முறைதான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதவும் வேண்டாம், கண்டும் காணாமல் அனுப்பவும் வேண்டாம். பிறப்பின்போதும் வந்திருக்கலாம், கை மருவிலிருந்தும் வந்திருக்கலாம், வன்முறையாலும் வந்திருக்கலாம். குழந்தைப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் அன்றே ஒப்படையுங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. இதை மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குபவர்களும் படிக்க வேண்டும். நான்கு எச்.பி.வி. வகைகளைத் தடுக்க 2006-இல் அனுமதி பெற்ற நான்கு வகைத் தடுப்பூசியிலும் 2014-இல் வந்த ஒன்பது வகைத் தடுப்பூசியிலும் 6-உம் 11-உம் இருக்கின்றன. இரண்டு வகைத் தடுப்பூசி 16, 18-ஐ மட்டும் குறிவைத்தது. புற்றுநோயைத் தடுப்பதில் அது நல்ல மருந்து, மருவுக்காக அதை நம்ப முடியாது. "எச்.பி.வி. ஊசி போட்டாயிற்று, பிறகு எப்படி மரு?" என்று கேட்டு வரும் பெண்ணுக்கு எந்த ஊசி என்று பார்த்துச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியா 2007-இல் நான்கு வகை ஊசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குத் தொடங்கி, 26 வயது வரையிலான பெண்களுக்கும் சிறிது காலம் கொடுத்தது. அங்குள்ள பால்வினை நோய் மையங்களுக்கு வந்த 21 வயதுக்கு உட்பட்ட பெண்களில் மருவுள்ளவர்கள் 2007-இல் 11.5 விழுக்காடு; 2011-இல் 0.85 விழுக்காடு. அதே காலத்தில், ஊசி போடாத அதே வயது ஆண்களிலும், பெண்களோடு மட்டும் உறவுள்ளவர்களிடம், 12.1-லிருந்து 2.2-ஆகக் குறைந்தது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஒரு தவணையோ இரண்டு தவணையோ போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது. ஊசி ஏற்கெனவே வந்த மருவைப் போக்காது. ஆனால் மருவோடு வந்த இளம்பெண்ணுக்கு வயதும் வசதியும் இடம் கொடுத்தால், அவள் இன்னும் சந்திக்காத வகைகளுக்கு எதிராக அதைப் போடலாம். அவளோடு துணைக்கு வந்த தங்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
தோல், பால்வினை நோய்ப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும்